போர்டில் படிந்த மஞ்சள்

அத்தியாயம் 6

பொய்யில் கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை, மதிவதனி டீயைத் தொடவில்லை.

கரையான்சாவடி மெயின் ரோட்டில் பஞ்சர் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் அவளுடைய துப்பறியும் அலுவலகம். கீழே கம்ப்ரஸர் ஓடத் தொடங்கினால் மேலே மேசை நடுங்கும். மேசை நடுங்கினால் டம்ளரில் டீ வட்டம் வட்டமாக அலை எழுப்பும். அந்த அலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா, டீயை இப்படி மொறைக்கிற? அதுவும் யாரையாச்சும் கடத்திச்சா?" என்று கேட்டபடி உள்ளே வந்தான் கிஷோர். அவளுடைய உதவியாளன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாயை மூடியதில்லை. சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவன்.

"நேத்து சரவணக்குமாருக்கு என்ன எழுதிக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கா?"

"'பல இடங்களில் தீவிரமாகத் தேடியும் மேற்படி வேம்புலியம்மாள் கிடைக்கவில்லை.' சோக்கா எழுதியிருந்த. படிக்கும்போது எனக்கே கண்ணு கலங்கிச்சு."

"எத்தனை இடத்துல தேடினோம்?"

கிஷோர் விரலை மடக்கினான். "ஒண்ணு, அந்தம்மா ஊட்டாண்ட போய்ப் பூட்டைப் பார்த்தோம். ரெண்டு..." இரண்டாவது விரல் பாதி மடங்கி அந்தரத்தில் நின்றது. "போன் அடிச்சோமே, அதையும் ஒரு இடம்னு வெச்சிக்கலாமா?"

அதுதான் இரவெல்லாம் மதிவதனியை அரித்தது. சரவணக்குமார் முந்தின நாள் வந்து அழுதான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு. பூந்தமல்லிக்கும் காட்டுப்பாக்கத்துக்கும் நடுவே தெருத்தெருவாக நுழைந்து ஓடும் ஒரு மினி பஸ்ஸை அவன்தான் நிர்வாகம் பார்க்கிறான். பஸ்ஸும் அதன் பர்மிட்டும் வேம்புலியம்மாள் பெயரில். கணவர் இறந்த பிறகு அந்த அம்மாளே தோளில் பையை மாட்டிக்கொண்டு அந்த பஸ்ஸில் கண்டக்டராக ஏறினார். கணவரிடம் டிரைவராக இருந்த சரவணக்குமார் கணக்கு வழக்கைக் கவனித்துக்கொண்டான். இப்போது அந்த அம்மாளைக் காணவில்லை. தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றான். கையோடு இன்னொன்றும் கேட்டான்.

"அவங்க வர்றதுக்குள்ள பர்மிட்டைக் கொடுத்துப் புது லைசென்ஸ் வாங்குற கெடு முடிஞ்சிடும் மேடம். போக்குவரத்து ஆபீஸ்ல நாலு நாள் நீட்டிக் கேக்கணும். தேடிக்கிட்டு இருக்கோம், கிடைக்கலன்னு ஒரு லெட்டர் போதும். பெரிய ஏஜென்சி எழுதினா நம்ப மாட்டாங்க. நீங்க எழுதினா நம்புவாங்க."

அந்தக் கடைசி வரியில்தான் மதிவதனி விழுந்தாள். பேனாவைத் திறந்துவிட்டாள்.

"அது இன்னாக்கா கெடு? பர்மிட்டுதான் கையில கீதே, அப்பால எதுக்கு லைசென்ஸு?" என்றான் கிஷோர்.

கேட்டது போதும். ஒரு விஷயம் எப்படி இயங்குகிறது என்று சொல்லத் தொடங்கினால் மதிவதனிக்குக் கொஞ்ச நேரம் மனச்சாட்சி கூட மறந்துபோகும்.

"இதோ பாரு." டம்ளரை நடுவில் வைத்தாள். "இது பஸ். பழைய பர்மிட் என்ன சொல்லும்? இந்த நம்பர் வண்டி, இந்த ரோட்டுல, இந்த நேரத்துக்கு ஓடலாம். அவ்வளவுதான். பர்மிட் ஒட்டிக்கிட்டு இருக்கிறது வண்டியோட. வண்டி மாத்தணும்னா, ரோடு மாத்தணும்னா, ஒவ்வொண்ணுக்கும் ஆபீஸ் படி ஏறணும். இப்போ அதை வாங்கி வெச்சிக்கிட்டு இயக்க உரிமமா மாத்தித் தர்றாங்க. உரிமம் ஒட்டிக்கிறது ஆளோட." டம்ளரை நகர்த்திவிட்டுத் தன் விரலை அந்த இடத்தில் வைத்தாள். "இந்த ஆள் இந்தப் பகுதியில பஸ் ஓட்டலாம். எந்த வண்டியை வேணா விடலாம், ஜனம் எங்க இருக்கோ அங்க திருப்பலாம். அதனால இனிமே வண்டி சொத்து இல்லை. பேருதான் சொத்து."

"அப்போ பேரு எழுதுற அன்னிக்கு ஆள் நேர்ல இருக்கணும்."

"இருக்கணும். பர்மிட் யார் பேர்ல இருக்கோ, அவங்களே வரணும். கெடு இன்னிக்கு சாயங்காலம்." அவள் எழுந்து கைப்பையை எடுத்தாள். "கிளம்பு. எழுதின அளவுக்காவது தேடிடணும்."

"தேடி, கிடைச்சிட்டா லெட்டர் பொய்யாயிடுமேக்கா?"

"கிடைச்சா நல்லதுதானே?"

"நல்லதுதான். நாமதான் பொய்யாயிடுவோம்."

கிஷோர் சிரித்தான். மதிவதனியால் சிரிக்க முடியவில்லை.

* * *

எங்கே தொடங்குவது? காலமெல்லாம் ஒரு பஸ்ஸிலேயே வாழ்ந்தவரைத் தேட வேண்டுமானால் அந்த பஸ்ஸிலிருந்துதான் தொடங்க வேண்டும். இருவரும் கரையான்சாவடி நிறுத்தத்தில் ஏறினார்கள். நீல நிற மினி பஸ். உட்கார இடமில்லை, ஆனால் அம்மாளுக்குப் பதிலாகக் கண்டக்டராக நின்ற விஷால் தன் இருக்கையிலிருந்த பையை எடுத்துவிட்டு, "குந்துக்கா" என்று மதிவதனிக்கு இடம் கொடுத்தான். மீசை இன்னும் முழுதாக முளைக்காத முகம். அவள் நன்றி சொன்னாள். இப்போதுதான் தேடத் தொடங்குகிறோம் என்பது சரவணக்குமார் காதுக்குப் போகாமல் இருக்க இவனிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்ததால் அந்த நன்றி அரைகுறையாக வந்தது.

பஸ் கடைசி நிறுத்தமான காட்டுப்பாக்கத்தில் நின்றது. கூட்டம் இறங்கியது. விஷால் முன்பக்கம் போய், ஓட்டுநர் தலைக்கு மேலே எக்கி, ஊர்ப்பெயர் போர்டை எடுத்தான். ஒரு பக்கம் காட்டுப்பாக்கம், மறுபக்கம் பூந்தமல்லி. கடைசி நிறுத்தம் வந்ததும் போர்டைத் திருப்பி மாட்டுவது கண்டக்டரின் முதல் வேலை. மறந்தால் பஸ் போகும் திசைக்கு எதிர்த் திசைக்கான ஜனம் ஏறிவிடும்.

அவன் திருப்பும்போது மதிவதனி முன்னால் சாய்ந்தாள்.

"தம்பி, எழுத்து அழகா இருக்கே. குடு, பார்க்கறேன்."

வெள்ளைத் தகரம். சிவப்பு எழுத்து. விளிம்பெல்லாம் மஞ்சள் தூள் படிந்தது போல ஒரு மெல்லிய பூச்சு. விரலால் தேய்த்தாள், போகவில்லை. பெயிண்ட். கீழ் விளிம்பில் மட்டும் இரண்டு இடங்களில், விரல் அகலத்துக்கு, மஞ்சளே இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது. போர்டைத் திருப்பிக் கொடுத்தாள். கிஷோரைக் கீழே இறங்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள்.

"இன்னா, போர்டுல ரேகையா?"

"ஸ்ப்ரே கன்னுல இருந்து பெயிண்ட் தண்ணி மாதிரி வராது. புகை மாதிரி வரும். கண்ணாடி மேல பேப்பர் ஒட்டிட்டு அடிச்சாலும், சந்து கிடைச்சா உள்ள போய்ப் படியும். அந்த போர்டு மேல படிஞ்சிருக்கு. ரெண்டு இடம் மட்டும் வெள்ளையா இருக்கே, ஏன்?"

கிஷோர் பஸ்ஸின் முன்கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தான். உள்ளே போர்டைத் தாங்கியபடி இரண்டு தகரக் கொக்கிகள். "கொக்கி புடிச்சிகினு இருந்த இடம்."

"அப்போ போர்டு சுவத்துல சாய்ஞ்சு கிடந்தப்போ பெயிண்ட் படலை. ஒரு பஸ்ஸுல மாட்டியிருந்தப்போ, அந்த பஸ்ஸுக்கு மஞ்சள் அடிச்சிருக்காங்க. இந்த பஸ் என்ன கலர்?"

"நீலம்." கிஷோர் தலையைச் சொறிந்தான். "அப்போ இது அந்த பஸ் இல்லை. போர்டு மட்டும்தான் அது."

"எங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு வண்டின்னு சரவணக்குமார் அழுதான். சரி, அதை விடு. மஞ்சள் எதுக்கு அடிப்பாங்க தெரியுமா? உரிமம் வாங்கின பஸ்ஸெல்லாம் மஞ்சளா இருக்கணும்னு போக்குவரத்து ஆபீஸ் அறிவிப்புல போட்டிருக்கு, நேத்துதான் பார்த்தேன். பர்மிட் வண்டி எந்தக் கலர்லயும் இருக்கலாம். உரிம வண்டிக்கு மஞ்சள்தான்." அவள் குரல் தாழ்ந்தது. "அந்தம்மா வரலைன்னா உரிமமே கிடைக்காதேன்னு அழறவன், அதுக்கான பெயிண்டை முன்னாடியே ஏன் அடிச்சு வெச்சிருக்கான்?"

கிஷோர் விசில் அடித்தான். "பொண்ணு ஓடிப்போச்சுன்னு அழுவுறவன், மண்டபத்துல சமையலுக்கு ஆள் வெச்ச மாதிரி கீது."

விஷால் டீ வாங்கிக்கொண்டு வந்தான். அவர்களுக்கும் சேர்த்து. மதிவதனிக்கு அந்தப் பேப்பர் கப்பை வாங்கவே கூச்சமாக இருந்தது. கிஷோருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.

"இன்னா நைனா, நம்ம சொந்த வண்டி இன்னும் ஷெட்லதான் குந்திகினு கீதா?"

"ஆமாண்ணாத்தே. பாடியில கஜபதி ஷெட்ல. இது வாடகை வண்டி. இதோட பிரேக்கு கூட நம்ம பேச்சைக் கேக்காது. நாளைக்குப் பூஜை போட்டு அதை எடுத்துட்டா நிம்மதி." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "யாராண்டயும் சொல்லக்கூடாதுன்னாரு மொதலாளி. நீங்க யாரு?"

"பெயிண்ட் கம்பெனி," என்றான் கிஷோர் சற்றும் யோசிக்காமல்.

"கம்ப்ளெயிண்ட் ஒண்ணும் இல்லையே?"

"இல்லை தம்பி," என்றாள் மதிவதனி. "உன் பேரைச் சொல்ல மாட்டோம்." அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டாள்.

* * *

பாடி மேம்பாலத்தைத் தாண்டி, பழைய தொழிற்சாலைச் சுவர்களுக்குப் பின்னால் லாரிகள் முதுகு காட்டி நிற்கும் சந்தில் இருந்தது கஜபதியின் ஷெட். பெயிண்ட் கரைக்கும் தின்னர் நெடி மூக்கைத் துளைத்தது. பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்த கஜபதியின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

நடுவில் பளபளவென்று மஞ்சள் பஸ். அதன் ஜன்னலோரத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்து, சீட் உறையின் கிழிசலைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். ஒடிசலான உடம்பு. கண்டக்டர் பை தொங்கித் தொங்கி ஒரு தோள் மட்டும் இறங்கியிருந்தது.

"வேம்புலியம்மாள்?" என்றாள் மதிவதனி.

"நான்தான். இன்னா வேணும்?"

பலவந்தமாக அடைத்து வைக்கப்பட்டவர் மாதிரி இல்லை. பயந்து ஒளிந்தவர் மாதிரியும் இல்லை. சந்தோஷமாக இருந்தார்.

"இங்க என்னம்மா பண்றீங்க?"

"வண்டிக்குக் காவல். ராவுல பேட்டரிய கழட்டிகினு பூடுறானுங்களாம். சரவணந்தான் சொல்லிச்சு, அக்கா நீ கூட இருந்தா எனக்குக் கவலையில்லைன்னு. லைசென்ஸு வாங்க நாளான்னிக்குப் போவணும், அதுவரைக்கும் குந்தியிருன்னுச்சு. மூணு வேளையும் சாப்பாடு அனுப்புது. தங்கமான புள்ள."

"நாளான்னிக்கா?" என்றான் கிஷோர்.

"உங்க போன் எங்கம்மா?" என்றாள் மதிவதனி.

"அதுவும் சரவணனாண்டதான். ஆபீஸ்லேர்ந்து நம்பர் ஏதோ வருமாம், அதைப் பார்த்துச் சொல்லணுமாம். எனக்கு எதுக்கு அந்தப் பேஜாரு?"

மதிவதனி பஸ்ஸைச் சுற்றி வந்தாள். அவள் கண் ஓரிடத்தில் நின்றது. பக்கவாட்டுத் தகரத்தில், ஜன்னல்களுக்குக் கீழே, நீளமாகச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது.

பெயிண்ட் ஷெட்டில் செய்தித்தாளுக்கு ஒரே வேலை: நிறம் படக்கூடாத இடத்தை மறைப்பது. கண்ணாடி, விளக்கு, பித்தளைப் பிடி. ஆனால் இது வெறும் தகரம். அதைச் சுற்றி மஞ்சள் அடித்துக் காய்ந்தும்விட்டது. கண்ணாடிகளில் ஒட்டிய பேப்பரையெல்லாம் கிழித்துவிட்டார்கள். இதை மட்டும் ஏன் விட்டார்கள்? இங்கே பேப்பர் பெயிண்டிடமிருந்து தகரத்தை மறைக்கவில்லை. யாரோ ஒருவர் கண்ணிலிருந்து தகரத்தை மறைக்கிறது.

"அதைத் தொடாதீங்க!" கஜபதி பஸ்ஸுக்கு அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தார். "நாளைக்குப் பூஜையிலதான் பிரிக்கணும்னு சரவணக்குமார் சொல்லியிருக்காரு."

"அம்மா," என்றாள் மதிவதனி, "உங்க வண்டிதானே? நீங்களே பிரிங்க."

வேம்புலியம்மாள் ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டு இறங்கி வந்தார். கஜபதியைப் பார்த்தார். கஜபதி தரையைப் பார்த்தார். அம்மாள் நகத்தால் பேப்பரின் மூலையைக் கிளப்பி ஒரே இழுப்பாக இழுத்தார்.

மஞ்சள் மேல் கறுப்பில், ஓர் அடி உயர எழுத்து:

'இயக்க உரிமம் பெற்றவர்: இரா. சரவணக்குமார்.'

பக்கத்துப் பட்டறையில் யாரோ தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாள் அந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். பிறகு தன் பெயர் எங்காவது சின்னதாக இருக்கிறதா என்று பார்ப்பவர் போலப் பின்சக்கரம் வரை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

"என் பேர்ல கீற பர்மிட்டு. அது எப்படி அவன் பேருக்குப் போவும்?"

மதிவதனிக்குத் தெரியும். அறிவிப்பின் கடைசிப் பக்கத்தை நேற்று அவள் மேலோட்டமாகத்தான் பார்த்திருந்தாள். இப்போது அந்த வரிகள் கண் முன்னால் வந்து நின்றன. பர்மிட்டுக்கு உரியவர் தேடியும் கிடைக்காவிட்டால், பஸ்ஸை நடைமுறையில் ஓட்டி வருபவர் தன் பெயரில் உரிமம் கேட்கலாம். தேடியதற்கு வெளியாள் ஒருவரின் சான்று வேண்டும். கெடுவை நீட்டிக்க எந்த லெட்டரும் தேவையில்லை. கெடுவை நீட்டிக்கும் வழியே அதில் இல்லை.

சரவணக்குமார் கரையான்சாவடிப் படியேறியது வேம்புலியம்மாளைக் கண்டுபிடிப்பதற்காக அல்ல. கண்டுபிடிக்க மாட்டாள் என்று அவனுக்கு நம்பிக்கையாகத் தோன்றிய ஒருத்தியிடம் வந்திருக்கிறான்.

"அம்மா, நான் ஒரு துப்பறிவாளர். உங்களைத் தேடச் சொல்லி சரவணக்குமார் என்கிட்ட வந்தான். தேடிக் கிடைக்கலைன்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன். அந்த லெட்டரை வெச்சுத்தான் அவன் பேர் மாத்தப் போறான்."

"தேடுனியா?"

"இல்லைம்மா."

"ஊட்டாண்ட வந்தியா?"

"வந்தேன். பூட்டியிருந்தது. திரும்பிட்டேன்."

அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். குரல் உயரவில்லை. "பக்கத்து ஊட்டு தாட்சாயிணியாண்ட சாவியக் குடுத்துட்டு, பாடியில கஜபதி ஷெட்ல கீறேன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன். அந்தக் கதவைத் தட்டியிருந்தா அது சொல்லியிருக்குமே."

பெயிண்ட் புகை, கொக்கி, வெள்ளைத் தழும்பு என்று காலையிலிருந்து மதிவதனி அடுக்கிய சாமர்த்தியமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் பொலபொலவென்று உதிர்ந்தது. கிஷோர் கூட வாயைத் திறக்கவில்லை. அவன் வேலைக்குச் சேர்ந்த பிறகு அது முதல் தடவை.

"ஆட்டோவைக் கூப்பிடு கிஷோர். ஆபீஸ் மூடுறதுக்குள்ள போயிடணும்."

* * *

பூந்தமல்லிப் பக்கமிருந்த போக்குவரத்து அலுவலகத்தின் அந்த ஹாலில் பாதி டியூப்லைட்டுகள் எரியவில்லை. வெளியே மழை இருட்டு. பர்மிட்டை மாற்ற வந்தவர்கள் பெரும்பாலும் போய்விட்டிருந்தார்கள். கடைசி மேசையில் கண்காணிப்பாளர் ஆக்னஸ் மூக்குக் கண்ணாடியை இறக்கி ஒரு தாளைப் படித்துக்கொண்டிருந்தார். எதிரே வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகக் கைகட்டி நின்றான் சரவணக்குமார்.

"'பல இடங்களில் தீவிரமாகத் தேடியும்...'" என்று ஆக்னஸ் வாய்விட்டுப் படித்தது வாசல்வரை கேட்டது. தன் வாக்கியத்தை இன்னொருவர் குரலில் கேட்பது இவ்வளவு கூசும் என்று மதிவதனிக்கு அதுவரை தெரியாது.

"மேடம், அவங்க கிடைச்சிட்டாங்க. இவங்கதான் வேம்புலியம்மாள்."

சரவணக்குமார் திரும்பினான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், முகம் செத்துப்போயிற்று. அடுத்த கணம் ஓடிவந்து அம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அக்கா! எங்கக்கா போன? ஊரெல்லாம் தேடினேனே! கடவுளே, உயிரோட கீறியே, அது போதும்க்கா எனக்கு!"

கண்ணீர் கூட வந்தது. கிஷோர் மதிவதனியின் காதருகே, "இவனை நம்ம ஆபீஸ்ல சேர்த்திருக்கலாம்க்கா" என்றான்.

"கைய உடு," என்றார் அம்மாள். "பாடியில குந்த வெச்சதே நீதானே. என் போனு எங்க?"

"போனா? எங்கிட்ட ஏதுக்கா?" அவன் ஆக்னஸிடம் திரும்பினான். "யாரோ ஏதோ சொல்லிக் குழப்பியிருக்காங்க மேடம். அக்காதான் யார்கிட்டயும் சொல்லாம எங்கயோ போச்சு; எனக்கு எங்கன்னே தெரியாது. தெரிஞ்சிருந்தா துப்பறியும் ஆளுங்களைத் தேட வெப்பேனா? இவங்க கிடைக்கலைன்னு எழுதிக் கொடுத்தாங்க, நான் நம்பினேன். இப்ப அவங்களே வந்து அந்த லெட்டர் பொய்ன்னு சொன்னா, அவங்க பேச்சுல எதை மேடம் நம்புறது?"

மதிவதனியின் பொய்யை அவன் கேடயமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். அவனைக் குத்த வேண்டுமென்றால் அவள் முதலில் தன்னையே குத்திக்கொள்ள வேண்டும்.

ஆக்னஸ் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நீங்க வந்தது சரி. ஆனா கெடு பத்தி இந்த ஆபீஸ்லேர்ந்து உங்க நம்பருக்குப் பல தடவை கூப்பிட்டோம். ரிங் போச்சு, எடுக்கலை. அறிவிப்பை மதிக்கலைன்னு குறிப்பு எழுதியாச்சு. யாரோ தடுத்து வெச்சாங்கன்னா அதுக்கு ஆதாரம் வேணும்."

ரிங் போச்சு.

மதிவதனி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். போனை அணைத்து வைத்திருந்தால் என்ன ஆகும்? தொடர்பு கிடைக்கவில்லை என்று வீட்டுக்கு ஆள் வந்து நோட்டீஸ் ஒட்டுவார்கள். பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். அவளைப் போலப் பூட்டைப் பார்த்துத் திரும்ப மாட்டார்கள். ரிங் போய் எடுக்காமல் இருந்தால்தான் 'மதிக்கவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்கள். ஆகவே அந்த போனை அணைக்கக் கூடாது. சார்ஜ் குறையாமல், சத்தம் வராமல், உரிமம் கைக்கு வரும்வரை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட பொருளை ஒருவன் யாரை நம்பி எங்கே விட்டுவிட்டு வருவான்?

"மேடம், இன்னொரு தடவை கூப்பிடுங்க. இப்பவே."

ஆக்னஸ் மேசைத் தொலைபேசியில் எண்களை அழுத்தினார். ஹால் மௌனமானது. எங்கும் மணி ஒலிக்கவில்லை. ஓர் அதிர்வு கூட இல்லை. சரவணக்குமாரின் உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

மதிவதனி காதைத் தீட்டவில்லை. அந்த மங்கலான ஹாலில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவனுடைய சட்டையை. சலவை செய்து செய்து மெலிந்த வெள்ளைத் துணி. நெஞ்சுப் பையில் நீளச் சதுரமாக ஒரு வெளிச்சம் துணிக்குள்ளிருந்து மெல்ல ஊறி எழுந்தது.

"அண்ணாத்தே," என்றான் கிஷோர், "உன் நெஞ்சு எரியுது."

சரவணக்குமார் குனிந்து பார்த்தான். கையால் மூடினான். மூடியதே ஒப்புக்கொண்டது போலாயிற்று. ஆக்னஸ் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே மறுகையை நீட்டினார். அவன் பையிலிருந்து வந்த போனில் அந்த அலுவலகத்தின் எண் மின்னிக்கொண்டிருந்தது. பின்பக்க உறையில் வேம்புலியம்மாள் ஒட்டி வைத்த அம்மன் படம்.

"போனு 'எங்கிட்ட ஏதுக்கா'ன்னியே," என்றார் அம்மாள். அந்த இடத்தில் அவர் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. வீட்டுப் பிள்ளை ஒன்று கையை விட்டுப் போன முகம் அது.

காவலுக்கு நின்றவரை அழைத்து, சரவணக்குமாரைப் பக்கத்து அறையில் உட்கார வைக்கச் சொன்னார் ஆக்னஸ். 'மதிக்கவில்லை' என்ற குறிப்பை அடித்துவிட்டுப் பழைய பர்மிட்டை வாங்கி முத்திரை குத்தி முடித்தார். உரிமத்தில் பெயர் எழுதும் இடம் வந்ததும், "நீங்களே சொல்லுங்கம்மா," என்றார். அம்மாள் தன் பெயரை, பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயரைக் கூவுவது போலத் தெளிவாகச் சொன்னார்.

பிறகு ஆக்னஸ் மதிவதனியின் பக்கம் திரும்பினார். முந்தின நாள் கடிதம் இன்னும் மேசையிலேயே இருந்தது.

"இதைக் கிழிக்க முடியாது. ஃபைல்ல ஏறிடுச்சு. இது பொய்ன்னு நீங்க எழுதிக் கொடுத்தாத்தான் அவன் மேல போடுற புகார் நிக்கும். எழுதினா, இனிமே இந்த ஆபீஸ்ல உங்க அறிக்கை எதையும் வாங்க மாட்டோம். யோசிச்சுக்கோங்க."

அவளிடம் வருபவர்களில் பாதிப் பேர் லாரிக்காரர்களும் பஸ்காரர்களும்தான். மதிவதனி ஒரு வெள்ளைத் தாளை இழுத்துக்கொண்டாள்.

"'கவனக்குறைவு'ன்னு போடுக்கா," என்று கிசுகிசுத்தான் கிஷோர். "கௌரவமா இருக்கும்."

அவள் எழுதினாள்: 'நான் அந்த அம்மாளைத் தேடவில்லை. ஒரு பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பக்கத்து வீட்டில் கேட்கவில்லை. தேடியதாக எழுதியது பொய்.' கையெழுத்துப் போட்டாள். நேற்றை விட இன்று பேனா கனமாக இருந்தது.

வெளியே தூறல் தொடங்கியிருந்தது. வேம்புலியம்மாள் உரிமத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சேலைக்குள் அணைத்துக்கொண்டு ஆட்டோவுக்கு நின்றார். மதிவதனி அருகில் போய் நின்றாள்.

அம்மாளே பேசினார். "கூட்டிகினு வந்தே. நல்லதுதான். ஆனா நன்றி சொல்லுறதுக்கு மனசு வர்லம்மா. நீ எழுதாம இருந்தா நீ என்னைத் தேடவே வேண்டாமே."

"ஆமாம்மா."

"ஷெட்ல அந்தப் பேரை அழிச்சிட்டு என் பேரை எழுதச் சொல்லணும். நாளைக்குக் காலைல மொத சிங்கிள் டிரிப்பை எடுத்துடுவேன்." ஆட்டோ வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தவர் தலையை வெளியே நீட்டினார். "கரையான்சாவடியிலதானே ஆபீஸு? நம்ம வண்டி அந்த வழியாத்தான் போவும். ஏறு. ஆனா டிக்கெட் வாங்கிடணும். உனக்கு ஓசி கிடையாது."

"எனக்கு?" என்றான் கிஷோர்.

"உனக்கு லக்கேஜு சார்ஜும் சேத்து. அந்த வாய்க்கு."

ஆட்டோ மழைக்குள் போயிற்று. மதிவதனி நனைந்துகொண்டே நின்றாள். பிறகு அவள் நடந்த திசை ஆபீஸ் இருக்கும் திசையல்ல என்பதைக் கண்டு கிஷோர் பின்னாலேயே ஓடினான்.

"எங்கக்கா போற?"

"அந்தம்மா தெருவுக்கு. தாட்சாயிணி வீட்டுக் கதவைத் தட்டணும்."

"அதான் ஆள் கிடைச்சிடுச்சே! இனிமே எதுக்கு?"

"தெரியும். நேத்தே தட்டியிருக்க வேண்டிய கதவு அது," என்றாள் மதிவதனி, நடையை நிறுத்தாமல்.